தேனீக்குச் சொன்ன சொல்

அந்த வண்டியில் ஏறிய முதல் நாளே டிரைவருக்கு மறை கழன்றிருக்கிறது என்று நான் முடிவுகட்டிவிட்டேன். அப்போது எனக்கு இளையரசனேந்தல் பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் புதிதாக வேலை கிடைத்திருந்தது. சங்கரன்கோவிலில் காலை வண்டியைப் பிடித்தால்தான் மணி அடிப்பதற்குள் போய்ச் சேர முடியும். இன்ஜின் பெட்டியை ஒட்டிய பெண்கள் சீட்டில் இடம் கிடைத்தது. வண்டி போட்ட சத்தத்தில் பக்கத்தில் இருந்த அம்மா என்னிடம் என்ன கேட்டாள் என்பதே காதில் விழவில்லை. குருவிகுளம் தாண்டி ஒரு கண்மாய்க் கரை வந்தது. கரையில் பெரிய ஆலமரம். மரம் கண்ணில் பட்டதுமே டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுத்துவிட்டார். வண்டி மாட்டு வண்டி வேகத்துக்கு வந்தது. அவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, மேலே பார்த்து, அடுத்த வீட்டுக்காரரிடம் பேசுகிற குரலில் பேசினார்.

"நம்ம போஸ்ட்மேன் மகளுக்குப் பையன் பொறந்திருக்கான். தாயும் பிள்ளையும் சொகமா இருக்காவ."

அவ்வளவுதான். தலையை உள்ளே இழுத்துக்கொண்டு கியரை மாற்றினார். வண்டியில் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. மரத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நான்தான் எட்டிப் பார்த்தேன். ஆள் யாரும் இல்லை. உயரத்துக் கிளையில் சொளகு அகலத்துக்கு ஒரு தேனடை கறுப்பாகத் தொங்கியது. கண்டக்டரிடம் கேட்டேன். அவர் சீட்டைக் கிழித்துக்கொண்டே, அண்ணாச்சி தேனீக்குச் சொல்லுதாரு டீச்சர், என்றார். அடுத்த ஊரின் பெயரைச் சொல்வது போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.

அவர் பெயர் எனக்குத் தெரியும். ஆனால் அந்த வழித்தடத்தில் யாரும் அவரைப் பெயர் சொல்லி அழைத்து நான் கேட்டதில்லை. முகத்துக்கு நேரே அண்ணாச்சி, முதுகுக்குப் பின்னால் லண்டன். ஐம்பதைத் தாண்டிய ஆள். ஒல்லி, நெட்டை. காக்கிச் சட்டையின் மடிப்பு மதியம் வரைக்கும் கலையாது. வண்டியை எடுப்பதற்கு முன்னால் ஸ்பேனரை வைத்து ஒவ்வொரு டயராகத் தட்டிக்கொண்டு ஒரு சுற்று வருவார். லண்டன் என்ற பட்டப்பெயர் அவர் காதுக்கும் எட்டியிருந்தது. அதில் அவருக்கு ஒரே ஒரு வருத்தம்தான். அது லண்டன் இல்லை, லண்டனிலிருந்து பாதி நாள் ரயிலில் போகவேண்டிய ஒரு குக்கிராமம், தெரியாமல் பேசாதீர்கள் என்பார்.

அந்தக் குக்கிராமத்தை அவர் 'நம்ம ஊர்' என்பார். கேட்கிறவர்கள் முதலில் குருவிகுளம் பக்கம் ஏதோ ஊர் என்றுதான் நினைப்பார்கள். 'நம்ம ஊர்ல கோயில் கோபுரம் உருண்டையா இருக்கும்' என்று ஆரம்பித்த பிறகுதான் சந்தேகம் வரும். முழுக்கக் கூழாங்கல்லை அடுக்கிக் கட்டிய கோபுரம். அதில் இருந்த பெரிய மணியைப் பழுதுபார்க்க வண்டியில் கொண்டுபோனபோது அச்சு முறிந்து மணி ஊர்க் குளத்துக்குள் உருண்டுவிட்டது. அதை எடுக்கவே முடியவில்லை. காற்று அடிக்கிற நாளில் தண்ணீருக்குள்ளிருந்து சத்தம் வரும் என்பார்கள், தான் கேட்டதில்லை என்பதையும் அவரே சொல்லிவிடுவார்.

அதற்கு முன்னால், ராஜாக்கள் காலத்தில், கொள்ளைநோய் வந்து ஊரில் பாதிப் பேர் போய்விட்டார்கள். எல்லாரையும் ஒரே மேட்டில் புதைத்தார்கள். அந்த மேட்டில் இன்றைக்கும் ஏர் ஓட்டமாட்டார்கள். மிச்சம் இருந்த பாதியை ஜமீன்தார் விரட்டினார். ஆள் வைத்து வெள்ளாமை பார்ப்பதைவிட ஆட்டு ரோமத்தில் காசு கூட என்று அவருக்குக் கணக்கு வந்துவிட்டது. வீடு இருந்த இடத்தில் ஆடு மேய்ந்தது. பத்துப் பதினைந்து குடும்பங்கள் மட்டும் என்ன செய்தும் போகமாட்டோம் என்று குளத்தைச் சுற்றி ஒட்டிக்கொண்டன. அந்தக் குடும்பங்களின் பேரன் பேத்திகள்தான் நம்ம ஊர்க்காரர்கள்.

இதையெல்லாம் அவர் மொத்தமாகச் சொல்லமாட்டார். ஒரு ஸ்டாப்புக்கும் அடுத்த ஸ்டாப்புக்கும் நடுவில் ஒரு வீடு. சங்கரன்கோவில் எல்லை தாண்டினதும் பாதிரியார் வீடு. அப்புறம் கொல்லன் வீடு. அதற்கடுத்து தச்சன் வீடு. கொல்லனுக்கும் தச்சனுக்கும் நடுவில் வரப்பு மாதிரி ஒரு வேலி, வேலியில் ஒரு பேரிக்காய் மரம். மரம் யாருடையது என்று தாத்தா காலத்துச் சண்டை. கோயிலில்கூட இவர்கள் இந்தப் பக்கம், அவர்கள் அந்தப் பக்கம். பழம் முழுக்க அணில் தின்றது. இது வண்டியில் வரும் ஆட்களுக்கு ரொம்பவும் பிடித்துப்போன கதை. பருத்தி வியாபாரி ஒருவர் தினமும் வருவார், குருவிகுளத்தில் இறங்கிவிடுவார். அதனால் அவருக்குத் தச்சன் வீட்டுக்கு மேல் அந்த ஊர் தெரியாது. மறுநாள் ஏறும்போதே, அண்ணாச்சி, மரம் என்னாச்சு என்று கேட்பார். அண்ணாச்சியோ மறுபடியும் பாதிரியார் வீட்டிலிருந்துதான் தொடங்குவார். நடுவிலிருந்து சொல்ல அவருக்கு வராது.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஒரு நாள், நீங்கள் பிறந்த ஊரின் கதை இத்தனை தெரியுமா அண்ணாச்சி என்று கேட்டுவிட்டேன். அவர் பிறந்தது கழுகுமலைப் பக்கம். யோசித்துப் பார்த்துவிட்டு, தெரியாது டீச்சர், அங்கன என்னை யாரும் மனப்பாடம் பண்ணச் சொல்லலையே, என்றார். அப்படி மனப்பாடம் பண்ணச் சொன்னது யார் என்பது வண்டி பஞ்சரான ஒரு நாளில்தான் தெரிந்தது.

பருத்தி வெடித்திருந்த சமயம். கரிசல் காட்டுக்கு நடுவில் டயர் போய்விட்டது. கண்டக்டரும் இன்னும் நாலு பேரும் ஜாக்கியோடு மல்லுக்கட்டினார்கள். நாங்கள் வேப்பமர நிழலில் நின்றோம். அன்றைக்கு அவரே சொல்லத் தொடங்கினார்.

இரண்டாம் உலகச் சண்டையில், வெள்ளைக்காரப் பட்டாளத்தில் அவர் லாரி டிரைவர். பாலைவனத்தில் சண்டை நடந்தபோது எதிரிகளிடம் பிடிபட்டு, கப்பலில் ஏற்றப்பட்டு, வருஷக்கணக்கில் அயல்நாட்டு முகாம்களில் கைதியாகக் கிடந்தார். கடைசியில் விடுவித்து, ஊருக்கு அனுப்பக் கப்பல் கிடைக்கிற வரைக்கும் இங்கிலாந்தில் ஒரு சின்ன டவுனுக்கு வெளியே கூடாரம் போட்டு வைத்திருந்தார்கள். கூடாரத்தை ஒட்டி ஒரு வீட்டின் பின்கட்டில் ஒரு வயசான அம்மா ஒண்டிக்கொண்டிருந்தார். சொந்தக்காரர் வீடு. அவருடைய சொந்த ஊர் சற்றுத் தள்ளி இருந்தது. சண்டைக் காலத்தில் துப்பாக்கிப் பயிற்சிக்கு இடம் வேண்டும் என்று அந்த ஊரையே ராணுவம் எடுத்துக்கொண்டது. சண்டை முடிந்ததும் திருப்பித் தருகிறோம், இப்போது எல்லாரும் வெளியே போங்கள் என்று சொல்லிவிட்டார்கள். கொல்லன் குடும்பமும் தச்சன் குடும்பமும் ஒரே லாரியில் ஏறிப் போனதை அந்த அம்மா பார்த்தாராம். பேரிக்காய் மரம் அங்கேயே நின்றது.

அந்த அம்மா தேனீ வளர்த்தவர். அவர்கள் பக்கம் ஒரு வழக்கம். வீட்டில் ஒரு சாவு, ஒரு கல்யாணம், ஒரு பிறப்பு, எது நடந்தாலும் தேனீப் பெட்டியை மெல்லத் தட்டி விஷயத்தைச் சொல்லவேண்டும். வீட்டில் ஒரு ஆளிடம் சொல்லாமல் விட்டால் அதற்கு மனசு கஷ்டப்படும் இல்லையா, அது மாதிரி. சொல்லாவிட்டால் தேனீ செத்துப்போகும், இல்லையென்றால் கோபித்துக்கொண்டு போய்விடும். ஊரைக் காலி பண்ணின அன்றைக்கு லாரிக்காரன் அவசரப்படுத்தினான். கோழியை ஏற்றினார்கள், பாத்திரம் பண்டத்தை ஏற்றினார்கள். பாதி தூரம் வந்த பிறகுதான் தேனீக்குச் சொல்லாதது அந்த அம்மாவுக்கு ஞாபகம் வந்தது. வண்டியைத் திருப்பமாட்டேன் என்றுவிட்டான். அதற்கப்புறம் ஊருக்குள் யாரையும் விடவில்லை.

நம்மவருக்குக் கூடாரத்தில் சும்மா உட்கார்ந்திருக்க முடியாது. லாரி ஓட்டத் தெரியும் என்பதால் அங்கும் இங்கும் சாமான் ஏற்றப் போய்க்கொண்டிருந்தார். அந்த ஊரில் கிடக்கும் மரச்சாமானை ஏற்றிவர ஒரு நாள் உத்தரவு வந்தது. அந்த அம்மாவிடம் சொன்னார். அந்த அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாராம். எனக்காகச் சொல்லிவிட்டு வா, என்றாராம். சும்மா 'எல்லாரும் போயாச்சு' என்றால் போதாது. தேனீக்கு ஊர் முழுக்கத் தெரியும். வீடு வீடாக, பேர் பேராக, யார் எவர் என்று சொல்லவேண்டும். பட்டாணி உரித்துக்கொண்டே உட்கார்ந்து, பாதிரியார் வீட்டிலிருந்து குளத்தங்கரைக் கடைசி வீடு வரைக்கும் அவரைச் சொல்லச் சொல்லிக் கேட்டார். ஒரு வீடு தப்பினாலும் முதலிலிருந்து. கடைசி வீடு அந்த அம்மாவுடையது.

"போனேன் டீச்சர். ஊருக்குள்ள ஒரு ஈ காக்கா இல்ல. பெட்டியெல்லாம் சாஞ்சு கெடக்கு. ஒண்ணே ஒண்ணுல மட்டும் சத்தம் கேக்கு. சாவியாலதான் தட்டணுமாம், எங்கிட்ட சாவி ஏது, ஸ்பேனரால தட்டினேன். அவ்வளவு பேரையும் சொன்னேன். பேருதான் இங்கிலீஷு, மத்ததெல்லாம் தமிழு. எனக்கு வந்தது அதான. கடைசில, எல்லாரும் போயிட்டாவன்னு சொல்லணும். அதுக்குத்தான் அந்தம்மா அனுப்பினது. எனக்கு வாய் வரல டீச்சர். நம்ம ஆளுக எங்கயாவது போறோம்னு மொட்டையாச் சொல்லுவமா? போயிட்டு வாரோம்னுதான சொல்லுவோம். அதே மாதிரி, எல்லாரும் போயிருக்காவ, வந்துருவாவ, இருங்கன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

திரும்பி வந்ததும் என்ன சொன்னாய் என்று அந்த அம்மா கேட்டார். இவர் தெரிந்த இங்கிலீஷில் சொன்னார். அந்த அம்மா பட்டாணிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாராம். பிறகு, வருவோம் என்றா சொன்னாய், அப்படியென்றால் போய்த்தான் ஆகவேண்டும், என்றாராம். அடுத்த வாரமே கப்பல் வந்துவிட்டது. அந்த ஊரைத் திருப்பிக் கொடுத்தார்களா இல்லையா என்பது தெரியாமலேயே இவர் இங்கே வந்து சேர்ந்தார். அடுத்தவர்கள் சார்பில், அவர்களைக் கேட்காமல், தான் ஒரு வாக்குக் கொடுத்துவிட்டோம் என்பதுதான் அவருடைய கவலை. அன்றைக்குத் தொடங்கிய கவலை முப்பது வருஷத்துக்குப் பிறகும் வேப்பமர நிழலில் அப்படியே இருந்தது.

கேட்ட அன்றைக்கு எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. தேனீக்கு வாக்குக் கொடுத்துவிட்டு ஒரு மனிதர் தூக்கம் கெடுவாரா? ஆனால் வழித்தடத்து ஜனங்கள் சிரிக்கவில்லை. வண்டி நிற்கிற ஊரில் எல்லாம் யாராவது ஒருவர் ஜன்னல் பக்கம் ஓடிவந்து விஷயம் சொல்வார்கள். மகள் சடங்கானது, மாடு கன்று போட்டது, பையன் பரீட்சை எழுதியது. அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வார். மரத்தடியில் ஒன்று விடாமல் சொல்வார். கோடையில் அடை காலியாகிவிடும், கிளையில் கறுப்புத் தழும்பு மட்டும் இருக்கும். அப்போதும் சொல்வார். வந்து கேட்டுக்கிடும் என்பார். ஐப்பசி மழைக்குப் பிறகு எங்கிருந்தோ கூட்டமாக வந்து அதே கிளையில் கட்டும்.

ஒரு மழைக்காலத்தில் என் அப்பா இறந்துபோனார். வீட்டில் நான்தான் எல்லாவற்றையும் ஓடி ஓடிப் பார்த்தேன். வந்தவர்களுக்குக் காப்பி, எங்கள் சபைப் பாதிரியாருக்குச் சொல்லி அனுப்புவது, அழுகிற அம்மாவைச் சாப்பிட வைப்பது. லீவு முடிந்து வண்டியில் ஏறினபோது அண்ணாச்சிக்கு விஷயம் ஏற்கெனவே எட்டியிருந்தது. கண்மாய்க் கரை வந்தது. வண்டி மெதுவானது.

"டீச்சர் அப்பா தவறிட்டாவ. நம்ம வண்டில ஒரு நாள் வந்திருக்காவ. ஜன்னல் ஓரமா உக்காந்து காட்டையே பாத்துக்கிட்டு வந்தாவ."

என்னை வேலையில் சேர்க்க அப்பா கூட வந்த நாள் அது. நான் அதை மறந்தே போயிருந்தேன். பள்ளிக்கூட ஸ்டாப் வரும்வரை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். பக்கத்து அம்மா என் முதுகைத் தடவிக்கொண்டே வந்தாள். அந்த மனிதர்மேல் எனக்குப் பிரியம் வந்தது அன்றைக்குத்தான். அதன்பிறகு அவரைக் கிண்டல் செய்கிறவர்களோடு நான் சண்டைக்குப் போனேன்.

என் அக்கா இங்கிலாந்தில் நர்ஸ். அது தெரிந்ததிலிருந்து வழித்தடத்தில் எனக்கு மரியாதை கூடிவிட்டது. வாட்ச் வரவழைக்க முடியுமா, சென்ட் வருமா, பேனா வருமா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். அண்ணாச்சி கேட்டது ஒன்றுதான். ஊரின் பெயரை மூன்று தடவை மெதுவாகச் சொன்னார், நான் சரியாகச் சொல்கிறேனா என்று திருப்பிச் சொல்லச் சொன்னார். "அவ்வோ திரும்பிப் போயிட்டாவளான்னு மட்டும் கேட்டுச் சொன்னாப் போதும் டீச்சர்." அக்காவுக்கு எழுதினேன். அவளுக்கு ராத்திரி டியூட்டி, பகல் டியூட்டி, குளிர், சளி. அவள் இருந்த இடத்துக்கும் அந்த ஊருக்கும் வெகுதூரம். பார்க்கலாம் என்று எழுதினாள். இப்படியே சில வருஷம் போனது. அண்ணாச்சி என்னை அவசரப்படுத்தியதே இல்லை. மாதம் ஒரு தடவை மட்டும், அக்கா சொகந்தான, என்பார். அவர் எதைக் கேட்கிறார் என்று எனக்குப் புரியும்.

ஆடித்தபசு நெருங்கிக்கொண்டிருந்த நாட்களில் அக்கா லீவில் வந்தாள். ஊர் முழுக்கப் பந்தல் வேலை நடந்தது. என் பள்ளிக்கூடத்தைப் பார்க்கவேண்டும் என்று அவளும் என்னோடு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தாள். அங்கே வைத்துத்தான் அவள் அண்ணாச்சி சொன்ன ஊருக்கு ஒரு லீவு நாளில் போய்ப் பார்த்துவிட்டே வந்திருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. வீட்டில் சொல்லவில்லை. அவரிடமே நேரில் சொல்லிவிடலாம் என்று இருந்தாளாம். அண்ணாச்சி எங்களைப் பார்த்ததும் துணியை எடுத்து நான் வழக்கமாக உட்காரும் சீட்டைத் துடைத்தார். அதுவரை அவர் யாருக்கும் சீட்டைத் துடைத்து நான் பார்த்ததில்லை.

"அண்ணாச்சி, ரயில்ல போயி, அதுக்கப்புறம் ஒரு பஸ்ல போனேன்," என்றாள் அக்கா. "ஊருக்குள்ள போக முடியல. ரோட்ட மறிச்சுக் கம்பிவேலி போட்டு, செவப்புக் கொடி கட்டியிருக்கு. பக்கத்து டவுன்ல கடைக்காரர்ட்ட விசாரிச்சேன். திருப்பித் தரவே இல்லயாம். இன்னைக்கும் அங்கன வெடிச் சத்தம் கேட்டுக்கிட்டுத்தான் இருக்காம். வீடெல்லாம் விழுந்துட்டு. அந்தக் காலத்து ஆளுக பாதிப் பேரு இப்ப இல்ல."

அவர் கொஞ்ச நேரம் துணியை மடித்துக்கொண்டிருந்தார்.

"கோயிலு?"

"கோயில் மட்டும் நிக்குதாம்."

"தேனீப் பெட்டி எதுவும்..."

அக்கா என்னைப் பார்த்தாள். உள்ளே யாரையும் விடவில்லையே அண்ணாச்சி, என்றாள். அவர் சரி தாயி, அலைஞ்சுட்டு வந்திருக்க, உனக்குப் புண்ணியமாப் போகட்டும், என்று சொன்னார். பிறகு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி எல்லா டயரையும் தட்டினார். ஏற்கெனவே தட்டியாகிவிட்டது. கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

அன்றைக்கு வண்டியில் பாதிரியார் வீடும் வரவில்லை, கொல்லன் வீடும் வரவில்லை. கண்மாய்க் கரையில் ஹாரனிலிருந்து கையை எடுத்தார், வண்டி மெதுவானது, தலை வெளியே போகவில்லை. குருவிகுளத்தில் ஒரு நிச்சயதார்த்தம் இருந்தது. கண்டக்டர் அதை ஞாபகப்படுத்தினார். அப்புறம் பாப்பம்லே, என்றுவிட்டார் அண்ணாச்சி.

அந்த அப்புறம் வரவில்லை. ஐப்பசி முடிந்து மரத்தில் அடை கட்டினபோது நாங்கள் எல்லாரும் அவர் முகத்தைப் பார்த்தோம். அவர் ரோட்டைப் பார்த்தார். ஜனங்களுக்கு மனசு கேட்கவில்லை. பேரன் பிறந்து இத்தனை நாளாச்சு, இன்னும் சொல்லலையே என்று ஒரு அம்மா ஜன்னலைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டாள். அவர் ஸ்டியரிங்கைப் பார்த்தபடியே, "நான் சொன்னாப் பொய்யாப் போகுது தாயி," என்றார். அந்த அம்மா கையை எடுத்துக்கொண்டாள். நல்ல சேதியைக்கூடச் சொல்ல வாய் வராத அளவுக்கு ஒரு மனிதர் நொந்துபோவார் என்று நான் நினைத்ததில்லை. அக்காவைப் பேசாமல் இருக்கச் சொல்லியிருக்கலாமோ என்றுகூட அப்போது எனக்குத் தோன்றியது. இப்போது அப்படித் தோன்றவில்லை. அவர் கேட்டது அதைத்தான்.

தை மாதத்தில் அவருக்கு வேலை முடிந்தது. கடைசி நாள் வண்டியில் நிற்க இடமில்லை. வேலையில்லாதவர்கள்கூட ஏறியிருந்தார்கள். கண்டக்டர் மாலை வாங்கி வந்து போட்டார். அவர் அதைக் கழற்றி இன்ஜின் பெட்டிமேல் வைத்துவிட்டு வண்டியை எடுத்தார். பருத்தி வியாபாரி குருவிகுளத்தில் இறங்கவில்லை.

ஆலமரத்தடியில் வண்டி நின்றது. இன்ஜினையும் நிறுத்திவிட்டார். அந்தப் பழைய வண்டியை நடுவழியில் அவர் நிறுத்தவேமாட்டார், மறுபடி கிளம்பாது என்ற பயம். சட்டென்று அவ்வளவு அமைதி. தேனீயின் இரைச்சல் வண்டிக்குள் கேட்டது. ஸ்பேனரோடு இறங்கிப் போய் மரத்தின் அடியில் மெல்லத் தட்டினார். பிறகு பாதிரியார் வீட்டிலிருந்து ஆரம்பித்தார்.

பாதிரியார், அவர் சம்சாரம், கிளி ஒன்று. கொல்லன், கொல்லன் மகன்கள். பேரிக்காய் மரம். தச்சன். என் பக்கத்து அம்மாவின் உதடு அசைந்துகொண்டிருந்தது. பின்னால் யாரோ முணுமுணுப்பது கேட்டது. இத்தனை வருஷத்தில் அந்தப் பெயர்கள் எங்களுக்கும் மனப்பாடமாகிவிட்டிருந்தன. வாயில் நுழையாத அந்த இங்கிலீஷ் பெயர்களை, ஆளுக்கு ஒரு விதமாக, அவரோடு சேர்ந்து நாங்களும் சொன்னோம். பருத்தி வியாபாரி மட்டும் தச்சன் வீட்டோடு நின்றுவிட்டார். அதற்கு மேல் அவர் அன்றைக்குத்தான் கேட்கிறார். ஆட்டுக்காரர், ரொட்டி சுடுகிற இரண்டு அக்கா தங்கைகள், சண்டைக்குப் போய்த் திரும்பாத பையனின் வீடு, குளம், குளத்துக்குள் மணி, கடைசியாக அந்த அம்மா.

"இவ்வளவு பேரும் போயிட்டாவ," என்றார். குரல் எப்போதும் போலத்தான் இருந்தது. "திரும்பி வரமாட்டாவ. வருவாவன்னு நாந்தான் தெரியாமச் சொல்லிட்டேன். அந்தப் பக்கம் உங்க ஆளு யாராவது இன்னும் இருந்தா சொல்லிருங்க. காத்துக்கிட்டுக் கெடக்க வேண்டாம்."

ஸ்பேனரால் இன்னொரு முறை மெல்லத் தட்டினார்.

"நானும் போறேன்."

நல்ல நாளும் அதுவுமாக என்ன பேச்சு இது. ஜன்னல் வழியே தலையை நீட்டி, அண்ணாச்சி, அப்படிச் சொல்லக்கூடாது, வாரேன்னு சொல்லுங்க, என்று அதட்டியே விட்டேன். வண்டியில் இருந்த பெண்கள் எல்லாம் ஆமா ஆமா என்றார்கள். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். சிரித்தாரா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

"ஒருக்க சொல்லிப் பட்டது போதும் டீச்சர்."

வண்டி கிளம்பவில்லை. எல்லாரும் இறங்கித் தள்ளினோம். நான்கூட முந்தானையைச் செருகிக்கொண்டு தள்ளினேன்.

தூத்துக்குடியில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார் என்று கண்டக்டர் சொன்னார். அதற்குமேல் ஒரு தகவலும் இல்லை. புது டிரைவர் மரத்தடியில் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு பறப்பார். அப்படியும் அடுத்த ஐப்பசியில் தேனீ வந்தது, அதற்கடுத்த ஐப்பசியிலும் வந்தது. அண்ணாச்சி எப்படி இருக்கிறார், இருக்கிறாரா, யாராவது சேதி கொண்டுவந்தால் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிச் சொல்ல நான் தயாராகத்தான் இருந்தேன். கண்மாய்க் கரை வரும்போதெல்லாம் அதே சீட்டில் உட்கார்ந்து, அவருடைய முதுகு இருந்த இடத்தைப் பார்ப்பேன். யாரும் ஒரு சேதியும் கொண்டுவரவில்லை.

பிறகு எனக்குப் புளியங்குடிக்கு மாற்றலானது. கடைசி நாள் வண்டியில், அவர் சொன்ன மாதிரியே சொல்லிவிடவேண்டும் என்று வீட்டிலிருந்தே நினைத்துக்கொண்டு வந்தேன். போறேன் என்று ஒரே ஒரு வார்த்தை. மரம் வந்தது. அடை இருந்தது. ஹாரன் சத்தத்துக்கு நடுவில் ஜன்னலோரம் வாயைத் திறந்தேன்.

போயிட்டு வாரேன், என்றுதான் வந்தது.

புளியங்குடியிலிருந்து அந்த மரம் ஒன்றும் பெரிய தூரம் இல்லை. சங்கரன்கோவில் வந்து வண்டி மாறினால் காலையில் போய்விட்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். நான் இன்னும் போகவில்லை.